முயல் குட்டிகளைத் தூக்குவது யார்? டெல்டாக் கொல்லைக்கு ஒரு முழுமையான காவல் வழிகாட்டி

எட்டுக் குட்டி இருந்த பெட்டியில் விடிந்து பார்த்தால் ஐந்துதான் இருந்தன. ரத்தக்கறை இல்லை, ரோமம் சிதறவில்லை, கம்பி எங்கும் வளையவில்லை. கொல்லையில் திரியும் சாம்பல் நிறப் பூனை மேல்தான் எனக்குச் சந்தேகம். அன்றே கூண்டுக்கு மேல் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாளும் வைத்தேன். மறுநாள் காலை நான்கு குட்டிதான். மூன்றாம் நாள் பெட்டிக்குள் ஒரு சாரை சுருண்டு கிடந்தது. கம்பிவலையின் ஓர் அங்குலக் கண்ணி வழியாக உடம்பைக் குறுக்கி உள்ளே வந்திருக்கிறது. விழுங்கிய பிறகு வந்த வழியே திரும்ப முடியவில்லை. பூனைக்கு நான் முள் கட்டிக்கொண்டிருந்த இரண்டு நாளும் பாம்புக்கு விருந்து.

அதனால்தான் இந்த வழிகாட்டி கூண்டிலிருந்து தொடங்கவில்லை, திருடனிலிருந்து தொடங்குகிறது. கொல்லையிலோ தோப்பிலோ நாலைந்து தாய் முயல் வைத்து, ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சில்லா மாதிரி இனங்களை வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். வரப்பில் ஓடும் காட்டு முயலைப் பிடித்து வந்து வளர்க்கலாமா என்று கேட்காதீர்கள். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, கூண்டுக்குள் பிழைக்கவும் பிழைக்காது.

முதல் படி: எண்ணுங்கள், சாம்பல் தூவுங்கள்

காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு ஒரு முறை குட்டிகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். பகலில் குறைந்தால் காக்கை, பருந்து, செம்போத்து, கீரிப்பிள்ளை, உடும்பு இவற்றில் ஒன்று. இரவில் குறைந்தால் பெருச்சாளி, மரநாய், ஆந்தை, நரி. பூனைக்கும் நாய்க்கும் பாம்புக்கும் நேரம் காலம் கிடையாது. இந்த ஒரு கணக்கிலேயே சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும்.

அடுத்தது சாம்பல். அரிசி ஆலைப் பக்கம் உமிச் சாம்பல் சும்மாவே கிடைக்கும். இருட்டும் நேரத்தில் கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு, கோலமாவு தூவுகிற மாதிரி மெல்லியதாகத் தூவிவிடுங்கள். காலையில் அதைப் படிக்கலாம். உருண்டையான தடம், நகம் பதியவில்லை என்றால் பூனை. நகத்தோடு பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. சின்னக் கால் தடங்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு இருந்தால் எலி வகை. கால் தடமே இல்லாமல் வளைந்து வளைந்து ஒரு பட்டை போனால் சொல்லவே வேண்டாம்.

மிச்சம் கிடப்பதும் பேசும். கம்பி பிய்ந்து, பல குட்டிகள் குதறப்பட்டு, ஆனால் தின்னப்படாமல் கிடந்தால் நாய். தலையிலோ பிடரியிலோ மட்டும் கடி இருந்தால் கீரியை நினையுங்கள். அதற்கு ஒன்றோடு நிறுத்தும் பழக்கம் இல்லை. காலோ வாலோ மட்டும் கடிபட்ட குட்டி என்றால், கூண்டுக்கு அடியிலிருந்து எலியோ பெருச்சாளியோ கம்பி வழியாகக் கடித்திருக்கிறது. கண் கொத்தப்பட்டிருந்தால் காக்கை. எண்ணிக்கை மட்டும் குறைந்து வேறு எந்தத் தடயமும் இல்லையென்றால் முதலில் பாம்பு, அப்புறம் பூனை.

இன்னொரு சந்தேக ஆளையும் விட்டுவிடக் கூடாது: தாய். தண்ணீர் கிடைக்காத தாய், முதல் ஈற்றுத் தாய், நாய் குரைத்து மிரண்ட தாய் சில நேரம் தன் குட்டியையே கடித்துத் தின்னும், மிதித்தும் கொல்லும். பெட்டிக்குள் பாதி தின்ற குட்டி கிடந்து, சுற்றிலும் சாம்பல் கலையாமல் இருந்தால் கூண்டைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர்ச் சட்டியைப் பாருங்கள்.

இரண்டாம் படி: நெல்லைப் பார்த்துக் காவலை மாற்றுங்கள்

டெல்டாவில் முயலுக்கு ஆபத்து எப்போது கூடும் என்பதை வயல்தான் தீர்மானிக்கிறது. கூண்டு விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

வழக்கப்படி ஜூன் 12 ஒட்டி மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்காலுக்கு வந்து, வயல் நிறைந்ததும் வளையில் இருந்த எலி எல்லாம் வரப்புக்கும் வீட்டுக்கும் ஏறும். எலி பின்னாலேயே சாரையும் நல்லபாம்பும் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலும் கொல்லையும் ஒன்றாகத் தண்ணீரில் நிற்கும்போது, காய்ந்த இடம் என்று இருப்பதே வீட்டுத் திண்ணையும் முயல் கொட்டகையும்தான். எதிரி மட்டுமல்ல, ஒதுங்க வந்ததெல்லாம் அங்கேதான் இருக்கும். தையில் சம்பா அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் மறுபடியும் எலி இடம் பெயரும். அறுவடை முடிந்து வீட்டோரம் போடுகிற வைக்கோல்போர் கீரிக்கும் பெருச்சாளிக்கும் பாம்புக்கும் அடுக்குமாடி வீடு. கோடையில் வண்டல் களி வெடித்து, கை நுழையும் அகலத்துக்குப் பிளவு விழும். கூண்டுக்கு அடியில் அப்படி ஒரு வெடிப்பு இருந்தால் மணலைக் கொட்டி அடைத்துவிடுங்கள். இரவு வருகிறவர்களுக்கு அது பகல் தங்குமிடம்.

முயலின் சினைக் காலம் ஏறக்குறைய 31 நாள்தான். இணை சேர்க்கும் தேதியை நாம்தான் முடிவு செய்கிறோம். அடைமழை உச்சத்திலும், பக்கத்து வயல் அறுப்புக்கு நிற்கும் வாரத்திலும் குட்டி விழாதபடி கணக்குப் போடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் எப்படியும் குட்டி தங்குவது கஷ்டம், அந்த மாதங்களையும் விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: இடம்

வைக்கோல்போர், விறகு அடுக்கு, மூங்கில் குத்து, செங்கல் குவியல் ஆகியவற்றிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி வையுங்கள். வாய்க்கால் கரையை ஒட்டி வேண்டாம். ஊருக்குள் மேடான இடம் எதுவோ அதுதான் சரி. திடல் என்று நம் முன்னோர்கள் பெயர் வைத்ததே தண்ணீர் ஏறாத இடத்துக்குத்தான். கூண்டைச் சுற்றி ஐந்தடிக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக வைத்திருந்தால் ஊர்ந்து வருவதற்கு மறைவு இருக்காது.

தென்னைக்கு நேர் கீழே கூண்டு வைப்பது நம்மூர் வழக்கம், நிழல் கிடைக்கும் என்று. ஒரு தேங்காயோ காய்ந்த மட்டையோ விழுந்தால் மேல் வலை கிழியும். அந்தக் கிழிசல் வழியாக மரநாய் இறங்கும். மரநாய்க்குத் தென்னந்தோப்புதான் வீடு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னை எப்படிச் சாய்ந்தது என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மரத்தின் கிழக்குப் பக்கம் தள்ளி வைத்தால் மதியத்துக்கு மேல் நிழல் விழும், தலைக்கு மேல் ஒன்றும் இருக்காது.

காக்கைக்குச் சோறு வைக்கும் வீடா? வையுங்கள், அமாவாசைக்கு அதை நிறுத்தச் சொல்ல நான் யார். ஆனால் முயல் கூண்டு இருக்கும் பக்கம் வைக்காதீர்கள். சோற்றுக்கு வந்து பழகிய காக்கை பக்கத்தில் துடிக்கிற குட்டியையும் பார்த்துவிடும்.

நான்காம் படி: கூண்டு

அறுகோணக் கண்ணி கோழி வலை கோழியை வெளியே போகாமல் வைக்கும். நாயை உள்ளே வராமல் வைக்காது. பல்லால் இழுத்தால் அவிழ்ந்துகொண்டே வரும். வாங்க வேண்டியது வெல்ட் மெஷ், அதாவது கம்பிகளை ஒன்றோடொன்று பற்றவைத்த வலை, துத்தநாகம் பூசியது, அரை அங்குலத்துக்கு அரை அங்குலக் கண்ணி. கம்பித் தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறைய கம்பி தடிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கடையில் கேளுங்கள். தயாராக விற்கும் முயல் கூண்டுகளில் பக்கச் சுவர் பெரும்பாலும் ஓர் அங்குலம் அல்லது அதைவிடப் பெரிய கண்ணி. வளர்ந்த முயலுக்கு அது போதும். குட்டி போடும் கூண்டுக்குப் போதாது. அந்தக் கூண்டை மட்டுமாவது வெளிப்புறமாக அரை அங்குல வலையால் முழுக்கப் போர்த்திவிடுங்கள், மேலும் கீழும் சேர்த்து. கதவு இடுக்கு, மூலை, தண்ணீர்க் குழாய் நுழையும் இடம் என்று சுண்டுவிரல் தாராளமாக நுழைகிற ஓட்டை ஒன்று இருந்தாலும் வலை போட்ட காசு வீண்.

வலையை ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கட்டுக்கம்பி போட்டுக் குறடால் முறுக்குங்கள். ஆணி மட்டும் அடித்தால் நம் ஈரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்காது. நாகை, வேதாரண்யம் கடலோரக் காற்றில் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். வருஷம் ஒரு முறை, ஆவணியில், எல்லா மூலைகளையும் கையால் அழுத்திப் பாருங்கள்.

கூண்டு தரையிலிருந்து மூன்றடி உயரம். சவுக்குக் கம்பு கால் போதும். தென்னை மரத்தில் எலி ஏறாமல் தகரம் சுற்றுவோமே, அதேபோல ஒவ்வொரு காலிலும் ஓர் அடி அகலத்துக்கு வழுவழுப்பான தகரத்தைச் சுற்றுங்கள். எலிக்கு நகம் பிடிக்காது. சாரைக்கும் சிரமம்தான், முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். தகரம் சுற்றிவிட்டுக் கூண்டைச் சுவரோடு ஒட்டி வைத்தாலோ, பக்கத்தில் ஏணியைச் சாத்தினாலோ எல்லாம் வீண். சுவரிலிருந்து மூன்றடி தள்ளியே நிற்கட்டும்.

உள்ளே, சுவரின் அடிப்பக்கம் சுற்றிலும் ஆறு அங்குல உயரத்துக்குப் பலகையோ தகரமோ அடியுங்கள். குட்டிகள் வலையோடு ஒட்டிப் படுக்கும். வெளியிலிருந்து பூனை நகத்தை நீட்டினால் வலை எவ்வளவு பொடியாக இருந்தாலும் கிழித்துவிடும். பலகை இருந்தால் நகம் படாது.

கதவுக்குக் கொண்டி போட்டு ஒரு கொக்கியும் மாட்டுங்கள். வெறும் தாழ்ப்பாளை நாய் மூக்கால் தள்ளிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: முதல் மூன்று வாரம்

இங்கேதான் அதிகம் போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிறந்த குட்டிக்கு ரோமம் கிடையாது, கண் திறந்திருக்காது. கண் திறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். பெட்டியை விட்டுத் தானாக வெளியே வர இரண்டரை, மூன்று வாரம். அதுவரை ஓட முடியாது, கத்தவும் பெரிதாகத் தெரியாது. கோழி மாதிரித் தாய் அடைகாத்துக் கொண்டு உட்காரும் என்று பலர் நினைக்கிறார்கள். முயல் அப்படி இல்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை பெட்டிக்குள் வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். காட்டில் குட்டி இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அது பழகிய வழி அது. கூண்டில் அதன் விளைவு என்ன? மிச்ச நேரம் முழுக்கக் குட்டிகள் தனியாகக் கிடக்கின்றன, காவல் நாம்தான்.

இதை அறிந்தால் எளிய வழி ஒன்று கிடைக்கும்: பெட்டியை இரவில் வீட்டுக்குள் எடுத்து வந்துவிடுங்கள்.

சினை பிடித்த 27ஆம் நாள் பெட்டியைக் கூண்டுக்குள் வையுங்கள். ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் போதும்; அடியில் கொஞ்சம் சின்னத் துளை, மேலே மூடி. உள்ளே நன்றாகக் காய்ந்த வைக்கோல். நீளமான தேங்காய் நார் வேண்டாம், குட்டியின் காலில் சுற்றி இறுகிவிடும். தாய் தன் ரோமத்தைப் பிடுங்கி மேலே பரப்பிக்கொள்ளும். குட்டி விழுந்த மறுநாளிலிருந்து, மாலை தாய் பால் கொடுத்த பிறகு பெட்டியைத் தூக்கி வீட்டுக்குள், எலி வராத, மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் மூடியோடு வையுங்கள். மூடியில் காற்றுத் துளை இருக்க வேண்டும். காலையில் திரும்பக் கூண்டில் வையுங்கள். நேரம் மட்டும் மாறக் கூடாது. இரண்டு மூன்று நாளில் தாய் அந்த நேரத்துக்குக் காத்திருக்கும்.

மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று எங்கள் பெரியம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வீட்டு முயல் அப்படி ஒதுக்குவதில்லை. பெட்டி வைக்கோலில் கையைத் தேய்த்துக்கொண்டு தொட்டால் போதும். காலையில் வயிற்றைப் பாருங்கள்: பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டையாக இருக்கும், குடிக்காததின் தோல் சுருங்கியிருக்கும்.

மூன்று வாரத்துக்குப் பிறகு குட்டிகள் பெட்டியில் நிற்காது. அப்போது கூண்டுதான் காவல். நாலாம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் பயப்பட வேண்டாம்.

ஆறாம் படி: எறும்பு

இதை எதிரி என்று யாரும் எண்ணுவதில்லை. ரோமம் இல்லாத குட்டியைச் செவ்வெறும்பு ஒரே இரவில் தீர்த்துவிடும். கூண்டுக் கால் ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, கொசு முட்டையிடாமல் இரண்டு சொட்டுப் பழைய எண்ணெய் விடுங்கள். கூண்டைத் தொடும் கொடி, கயிறு, கீற்று நுனி எல்லாம் எறும்புக்குப் பாலம். எறும்புப் பொடியைப் பெட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஏழாம் படி: தரையில் மேய விடுவதென்றால்

ஐந்தாறு வாரமாகிப் பால் மறந்த குட்டிகளைப் புல்லில் விட ஆசையாகத்தான் இருக்கும். அதற்கு நாலு பக்கச் சுவர் மட்டும் போதாது. மேலேயும் வெல்ட் மெஷ் வேண்டும். நைலான் வலை காக்கையைத் தடுக்கும், பூனையைத் தாங்காது. அடியில் சுவர் வலையை ஓர் அடி ஆழம் புதைத்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடித்துப் படுக்கவையுங்கள். தோண்டுகிற நாயும் கீரியும் சுவரை ஒட்டித்தான் தோண்டும். நகம் கம்பியில் பட்டால் விட்டுவிடும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஊர்களில் புதைத்த வலை சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே புதைக்காமல், தரை மேலேயே இரண்டடி வெளியே விரித்துச் செங்கல் வைத்து அழுத்துவது நல்லது.

உள்ளே ஒரு மண் குழாயோ கவிழ்த்த பானையோ வையுங்கள், மேலே பருந்து நிழல் விழுந்தால் குட்டி ஒளிய. இரவில் எந்தக் குட்டியும் தரைப்பட்டியில் தங்கக் கூடாது. இதில் நான் யாரோடும் விவாதம் செய்வதில்லை.

பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டுகிறவர்களும் உண்டு. நாய் அதைக் கிழிக்கும், பாம்பு அதில் சிக்கிச் சாகும். இரண்டும் வேண்டாம்.

எட்டாம் படி: எலியை நிறுத்தினால் பாதிப் பாம்பு நிற்கும்

கூண்டுக்கு அடியில் சிந்திய தீவனம் எலியை அழைக்கிறது, எலி பாம்பை அழைக்கிறது. தீவனத்தை மூடி போட்ட தகர டின்னில் வையுங்கள், மாலையில் சிந்தியதைக் கூட்டிவிடுங்கள். கூண்டுக்கு நேர் மேலே பல்பு போடாதீர்கள்: பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும், தேரைக்கு யார் வருவார் என்று உங்களுக்கே தெரியும். விளக்கு வேண்டுமென்றால் இருபது அடி தள்ளி.

எலி மருந்து வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியை ஆந்தையும் பூனையும் தின்று சாகும், முயல் வாயிலும் படலாம். பொறி வையுங்கள். மூங்கிலில் வில் கட்டிச் செய்கிற நம்மூர்த் தஞ்சாவூர்க் கிட்டி வரப்போரத்துக்கு இன்றும் நல்ல கருவி. ஆனால் குட்டியோ குழந்தையோ நடக்கும் பக்கம் அல்ல. ஆந்தை உட்கார வயலில் பச்சை மட்டை நட்டிருந்தால் அது வயலிலேயே இருக்கட்டும். முயல் பட்டி ஓரம் நட்டால் ஆந்தைக்கு எலி எது, குட்டி எது என்று வித்தியாசம் கிடையாது.

வேலியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கும் வேலையை நினைக்கவே கூடாது. சட்டப்படி குற்றம், எலிக்கும் பன்றிக்கும் போட்ட கம்பியில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: பாம்பு உள்ளே இருந்தால்

இருட்டில் பெட்டிக்குள் கை விடாதீர்கள். முதலில் டார்ச், அப்புறம் கை. கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் நம் பக்கம் சாதாரணம். பாம்பு தெரிந்தால் தாயை எதிர்ப்பக்கமாக எடுத்துவிட்டுத் தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்கு 101 அழையுங்கள். அடிக்காதீர்கள், சாரை, நல்லபாம்பு, கீரி, உடும்பு எல்லாமே சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. அதோடு, சாரை இல்லாத கொல்லையில் எலி எப்படிப் பெருகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பூண்டு, கந்தகம், பாச்சா உருண்டை எதையும் நம்ப வேண்டாம். அரை அங்குல வலை மட்டும் நம்புங்கள்.

ஆளைக் கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையை அசைக்காமல் 108 அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பத்தாம் படி: போன பிறகு

காயம்பட்ட குட்டியைத் தனியே எடுத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் பக்கத்தில் சூடாக வையுங்கள். பூனை கடித்த காயம் வெளியே ஊசி முனை மாதிரி இருக்கும், உள்ளே சீழ் பிடிக்கும். அதற்குக் கால்நடை மருத்துவர்தான். 1962 அழைத்தால் கால்நடை அவசர ஊர்தி சேவை உண்டு. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

தாய் செத்திருந்தால், இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் ஈன்ற இன்னொரு தாயின் பெட்டியில் குட்டிகளைச் சேருங்கள். அந்தப் பெட்டி ரோமத்தை முதலில் குட்டிகள் மேல் தேய்த்து, தாய் இல்லாத நேரத்தில் நடுவில் வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் இரண்டு தாய்க்கு ஒரே வாரத்தில் இணை சேர்ப்பது நல்லது.

செத்த குட்டிகளை இரண்டடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். குப்பைமேட்டில் எறிந்தால் வந்தவனுக்கு மறுபடியும் வழி காட்டியதாகிவிடும். ஒரு முறை கிடைத்த இடத்துக்கு மறுநாள் இரவே திரும்பி வரும், ஒரு வாரம் வரை வந்து பார்க்கும். அந்த ஒரு வாரமும் கூண்டில் குட்டி வேண்டாம், பெட்டி பகலிலும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் தாயைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் விடுங்கள். சாம்பலை மட்டும் தினமும் தூவுங்கள். எனக்கு ஒன்பதாம் நாள்தான் சாம்பல் கலையாமல் இருந்தது.